கடலடியை அளந்த மாப்பிள்ளை

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?"

பெண்ணின் அப்பா அப்பாசாமி இரண்டாம் முறையாகக் கேட்டதும், வாய்க்குக் கொண்டுபோன பலாச்சுளையைக் குப்புசாமி தட்டிலேயே வைத்துவிட்டார்.

அக்கா மகன் செங்கோடனுக்குப் பெண் கேட்டு, மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து பக்கத்து மலைநாடான வளப்பூர் நாட்டுக்கு மாமனும் மருமகனும் நடந்தே வந்திருந்தார்கள். கப்பலுக்குப் போனவன் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது.

"வெள்ளைக்காரன் கப்பலுங்க. தெக்கே போயிட்டே இருந்தா பனிக்கட்டிக் கடல் வருமாம். அங்க தண்ணிக்கு அடியில மேடு எது, பள்ளம் எதுன்னு அளந்து படம் போடறாங்க. நம்ம பையன் அதுலதான் இருக்கான்" என்றார் குப்புசாமி பெருமையாக.

அப்பாசாமியின் முகம் வெளிறியது. போன மாசியில்தான் அவர் தன் சாமைக் கொல்லையைச் சர்க்கார் காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி உழுதிருந்தார்.

"அளக்கற ஆளா?"

"கடலைத்தானுங்க! மலையை இல்லீங்க."

"தண்ணிக்கு அடியில கெடக்கறதையே உடாதவங்க, மேல கெடக்கறதை உடுவாங்களா?"

"அங்க மனுசங்களே கெடையாதுங்க. ஒரு ஊடு வாசல் இல்லை."

"ஆளில்லாத எடத்தையே தேடிப் போய் அளக்கறாங்க. இங்க நாங்க இருக்கோமே!"

குப்புசாமி மருமகனை இடித்தார். "நீயே வெவரமாச் சொல்லு கண்ணு."

"பயப்படாதீங்க" என்று செங்கோடன் ஆரம்பித்தான். "முன்னெல்லாம் கம்பியில ஈயக்குண்டைக் கட்டி எறக்குவாங்க. இப்பக் கப்பல் அடியில ஒரு தட்டுத் தட்டறாங்க. சத்தம் கீழ போய்த் தரையில முட்டித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பாத்து ஆழத்தைச் சொல்லிருவாங்க. அந்த எடத்துல யாரும் எறங்கவே வேண்டாம்."

"எறங்கவே வேண்டாமா!" அப்பாசாமி எழுந்தேவிட்டார். "அப்பச் சேலத்துல குந்திக்கிட்டு ஒரு தட்டுத் தட்டுனா என் கொல்லை தெரிஞ்சுருமா?"

உள்ளே அவர் மனைவி மாராயி சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

"உலக்கையை நிறுத்து புள்ளே! சத்தம் எங்க போய் முட்டுதோ!"

உலக்கை நின்றது. கதவிடுக்கில் தெரிந்த பெண் ராமாயியின் முகமும் மறைந்தது. அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்போதைக்குக் கண்ணாலப் பேச்சு வேண்டாமுங்க."

குப்புசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"அட, இருங்க! அளக்கறதெல்லாம் தொரைமாருங்க. இவன் அங்க பாத்திரம் கழுவறவனுங்க! கரிச்சட்டி தேய்க்கறவன்! கம்பியைத் தொட உடுவாங்களா இவனை?"

செங்கோடன் திறந்த வாய் மூடாமல் மாமனைப் பார்த்தான்.

"பாத்திரமா?" அப்பாசாமி மெல்ல உட்கார்ந்தார். "அளக்கத் தெரியாதே?"

"ஒரு படி சாமை அளக்கத் தெரியாதுங்க!"

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க!"

உலக்கை மறுபடி இடித்தது. வெற்றிலை மாற்றினார்கள். தையில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

திரும்பும் வழியில் செங்கோடன் மாமனுக்கு நாலடி பின்னாலேயே நடந்து வந்தான். குப்புசாமிக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காத கண்ணு. நாலு பேரு முன்னால உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேற வழி தெரியலை."

"கோவமெல்லாம் இல்லீங்க மாமா" என்றான் செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டே. "நான் பாத்திரம் கழுவறது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"