ஸ்டோர்காரரின் கதவுப் படம்

டயர்காரருக்குப் பதினோரு வருஷமாக ஒரு மனக்கசப்பு. எதற்கும் லேசில் கண்கலங்காத மனுஷன் ஒரு படத்தைப் பார்த்து, மனைவிக்குத் தெரியாமல் இருட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சந்தோஷம் குறையாமல் மறுநாள் காலை, தான் டயர் மாட்டும் பஸ் பணிமனைக்கு வந்து, சக்கரத்துக்கு நட்டு வாங்க உதிரிபாக ஸ்டோர் ஜன்னலில் சீட்டை நீட்டி, வாய் சும்மா இராமல் படத்தைப் பற்றியும் சொல்லிவைத்தார். ஸ்டோர்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "அதா? பாத்தேன், பாத்தேன். பழைய படத்துல இருந்து சுட்டது."

அவ்வளவுதான். அந்தப் படம் அங்கேயே செத்தது. அதற்கப்புறம் எத்தனையோ படங்கள். அத்தனைக்கும் அதே ஜன்னல், அதே தீர்ப்பு.

இவரைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு இனம். முடிவெட்டும் கடையில் உண்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் உண்டு, பக்கத்து வீட்டு மாடிப்படியில் உண்டு. நேற்று வந்த படத்தைப் பற்றி நீங்கள் வாயெடுத்தால் போதும், "பாத்தேன்" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம்? முழுசாகப் பார்த்தார்கள் என்றா? போஸ்டரைப் பார்த்திருப்பார்கள், மச்சினி வீட்டிலிருந்து கிளம்பும்போது டிவியில் பாதிச் சண்டையைப் பார்த்திருப்பார்கள், பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் செல்போனில் சத்தமில்லாமல் ஒரு பாட்டைப் பார்த்திருப்பார்கள். எல்லாம் பார்த்ததுதானே?

மற்ற இடமென்றால் எழுந்து போய்விடலாம். ஸ்டோரில் முடியாது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நட்டு, போல்ட்டு, வால்வு, கிரீஸ் டப்பா. இந்தப் பக்கம் நீங்கள். சீட்டைக் கொடுத்தால் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பார். திறந்த பேனாவை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முதல் பாதி பரவால்ல" என்று ஆரம்பிப்பார். ரெண்டாம் பாதி முடிந்தால்தான் கையெழுத்து விழும். எட்டு நட்டு வாங்கப் போன மெக்கானிக்குகள், படம் பார்த்து முடித்த களைப்போடு திரும்பியிருக்கிறார்கள். "பிரேக் சாமான் இல்லாம வண்டி நிக்குதுண்ணே" என்று கெஞ்சினால், "நிக்கிற வண்டிக்கு எதுக்குப்பா பிரேக்கு?" என்பார்.

ஒரு தடவை டயர்காரர் மடக்கிப் பார்த்தார்.

"ரெண்டாம் பாதி இழுவை, தம்பி" என்றார் ஸ்டோர்காரர்.

"இடைவேளையிலயே எழுந்து வந்துட்டேன்னு இப்பத்தானேண்ணே சொன்னீங்க?"

"இழுவையா இருக்கும்னு தெரிஞ்சுதானே வந்தேன்!"

என்ன பதில் சொல்வீர்கள்?

அது போகட்டும். எல்லாப் புதுப்படத்தையும் அளக்க அவரிடம் ஒரு பழைய படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. ஒரு தச்சன், புதுக்கதவு ஒன்றைத் தலைமேல் சுமந்துகொண்டு தெருவில் போவான். மழை பிடித்துக்கொள்ளும். ஒதுங்க இடமில்லாமல் நிற்கும் ஒரு பெண், பேச்சில்லாமல் வந்து அந்தக் கதவுக்கடியில் கூடவே நடப்பாள். படத்தின் பேர்? "வாயில இருக்குப்பா." நடித்தது யார்? "அவர்தான், மூக்கு இப்படி இருக்குமே" என்று தன் மூக்கை ஒருபக்கமாக அழுத்திக் காட்டுவார். எந்தக் காதல் படம் வந்தாலும், "குடையப் பிடிச்சுட்டா காதலாயிடுமா? கதவு எங்க?" என்பார். ராக்கெட் படம் ஒன்று வந்தது. "கதவ எடுத்துக்கிட்டான், மழைய விட்டுட்டான்" என்றார்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டயர்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, அப்பிடி ஒரு படமே கெடையாது. அது உங்க தூக்கத்துல ஓடின படம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்காரர் டப்பாவை மூடிவைத்தார். "இருக்கு. வேணும்னா தேடிப் பாரு."

"தேடிக் கொண்டாந்துட்டா?"

"கொண்டா. அன்னியிலேருந்து படத்தப் பத்தி இந்த வாய் தெறக்காது. சீட்டு வந்த நிமிஷம் சாமான் வெளிய வரும்."

பணிமனையே கைதட்டியது. பதினோரு வருஷக் கசப்பு தீர வழி பிறந்தால் விடுவாரா டயர்காரர்? நாலு மாசம் அலைந்தார். கேட்ட ஆளெல்லாம், "பாத்திருக்கேனே, பேருதான்…" என்று தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் கடையில் கிடைத்தது. யாரோ டிவியில் ஓடியதைப் பதிவு செய்து, கடையில் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்க வராத கேசட். தச்சன் உண்டு, கதவு உண்டு, மழை உண்டு, மூக்கும் உண்டு. பேர் போடும் இடம்தான் இல்லை. பதிவு செய்த மகராசன் பத்து நிமிஷம் தாமதமாக வந்து பொத்தானை அமுக்கியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஸ்டோர்காரர் டயர்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "நான் நடுவுல உக்காந்துக்கறேன்" என்றாள் டயர்காரர் மனைவி. "பேசினா ரெண்டு பேர் வாயையும் நானே பொத்திடுவேன்."

அவளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஸ்டோர்காரர் மூச்சுவிடவில்லை. டயர்காரர் படத்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். மழை வந்தது. கதவுக்கடியில் இரண்டு பேரும் நடந்தார்கள். தெருமுனையில் நின்று தச்சன் சொன்னான்: "கதவு இருக்கு. வீடுதான் இன்னும் கட்டல." தச்சன் அதைச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே, ஸ்டோர்காரரின் உதடு சத்தமில்லாமல் அதைச் சொல்லி முடித்திருந்தது.

படம் முடிந்தது.

"எப்பிடிண்ணே?"

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். "நல்ல படந்தான். ஆனா அது இது இல்ல."

"தச்சன்?"

"அதுல இன்னும் ஒசரம்."

"கதவு?"

"அது ரெட்டைக் கதவு."

"மழையுமா இல்ல?"

"இது குழாத்தண்ணி, தம்பி. பாத்தாலே தெரியலயா?"

உதடு அசைந்ததைச் சொல்லிவிட டயர்காரர் வாயைத் திறந்தார். சொன்னால் பந்தயம் முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர் ஜன்னலில் சத்தமிருக்காது. எதிரே அந்த மனுஷன் கண்ணாடியை மாட்டாமல், திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் வாயை மூடப் பந்தயம் கட்டியவர், ஜெயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் வாயை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டதா? போன வாரம் ஒரு புதுப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, "நல்லா இருந்துச்சில்ல?" என்று மனைவி கேட்டாள். "இருந்துச்சு. ஆனா மழை பத்தல" என்றார் டயர்காரர். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். கதவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அந்தத் தச்சனை எங்கேயோ பார்த்த மாதிரி உங்களுக்கும் இருக்கிறதா? பேர் நாக்கு நுனிவரை வருகிறதா? நாலு வரி படித்ததற்கே "பாத்திருக்கேன்" என்று சொல்லத் தோன்றினால், உங்களுக்கு இனி ஒரு ஜன்னலும் திறந்த பேனாவும்தான் வேண்டும். பேர் தெரிந்தால் டயர்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் அலைகிறார். என்ன செய்வார்? அன்றைக்கு வாசல்வரை போன ஸ்டோர்காரர் திரும்பி வந்து, தோளில் கைவைத்துக் கேட்டுக்கொண்டது இதைத்தான்:

"ரொம்பக் கிட்ட வந்துட்ட, தம்பி. விட்டுடாத. தேடு."