செட்டிங்ஸ்காரர் வீட்டு டிவி

மனிதர்களில் செட்டிங்ஸ்காரர் என்று ஒரு வகை உண்டு. கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். அவர் வீட்டுக்குப் போய், "கொஞ்சம் டிவியைப் போடுங்களேன், நியூஸ் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டிலுள்ள மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, அந்த இனத்துக்கே உரிய குரலை எழுப்புவார்: "யாரும் எதையும் தொடாதீங்க!"

யார் தொட்டார்கள்? ஒருவரும் தொடவில்லை. தொடுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

செட்டிங்ஸ்காரர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு குறை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் சும்மா விட்டுவிட அவரால் முடியாது. முதலில் பெரிய டிவி வாங்குவார். படம் பிரமாதமாக இருக்கும், ஆனால் "சவுண்டு பத்தல" என்பார். ஹோம் தியேட்டர் வரும். அதற்கு ஒரு ரிமோட். கேபிள் பெட்டி பழசு என்று புதுப் பெட்டி வரும், அதற்கு ஒரு ரிமோட். டிவியின் முதுகில் செருகுகிற ஸ்டிக் ஒன்று வரும், அதற்கும் ஒரு ரிமோட். நாலு ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்வார். எல்லாப் பெட்டிகளின் உள்ளேயும் புகுந்து, 'ஒன்றை அமுக்கினால் எல்லாம் எழுந்திருக்கும்' என்கிற வசதியை ஒன்றுவிடாமல் ஆன் செய்துவிடுவார். அன்றோடு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று.

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன். எங்கள் மணவாள நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஜெரால்ட் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. ஆலையில் கெட்டிக்காரர் என்று பெயர். அங்கே மிஷின் ஓட்டுவதற்கு மாட்டியிருக்கும் முறைப்பட்டியலைப் போலவே வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒன்று எழுதி ஒட்டியிருந்தார். 'முதலில் 2. பத்து எண்ணவும். பிறகு 1. படம் வந்த பின் 3. நாலைத் தொடக்கூடாது.' ரிமோட்டுகளின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி நம்பரும் போட்டிருந்தார்.

ஆனால் அந்தப் பெட்டிகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. டிவியை எழுப்பினால் அது ஹோம் தியேட்டரை எழுப்பும். எழுந்த ஹோம் தியேட்டர், தன்னை எழுப்பிய டிவிக்கே உத்தரவு போடும். கேபிள் பெட்டி, 'நான் இருக்கும்போது இவர்கள் யார்?' என்று திரையைப் பிடுங்கிக்கொள்ளும். சரி, பெட்டியை அணைக்கலாம் என்று அமுக்கினால் டிவியும் சேர்ந்து தூங்கிவிடும். மூன்றுமே உத்தரவு போடுகிறவை, கேட்கிறவை ஒன்றும் இல்லை. டிவி அணைந்துவிட்டது என்று நாமெல்லாம் சொல்வோம். ஜெரால்ட் அப்படிச் சொல்ல மாட்டார்.

"டிரிப் ஆயிடுச்சு. இருங்க, ரூட் காஸ் இன்னான்னு பாக்கணும்."

ரூட் காஸ் என்றால் மூல காரணம். அதைக் கண்டுபிடிக்காமல் எதையும் ஓட்டக்கூடாது என்பது ஆலை விதி. அவசரத்துக்கு ஒரு ஒயரைக் கழற்றி ஓட்டினால் அதற்குப் பெயர் பைபாஸ். பைபாஸ் செய்தவனுக்கு மெமோ. ஆலையில் சரிதான், உயிர் போகிற விஷயம். வீட்டில் சீரியல்தானே ஐயா?

இப்போது ஒரு ரகசியம். எனக்கும் ஜெரால்ட் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிய ஐந்தாவது நிமிஷம் அந்த வீட்டு டிவி கணீரென்று ஓட ஆரம்பிக்கும். டிரிப் இல்லை, பத்து எண்ணுவதில்லை. அவர் மனைவி கிறிஸ்டினா, ஹோம் தியேட்டரையும் டிவியையும் இணைக்கிற கறுப்பு ஒயர் ஒன்றைப் பிடுங்கிவிடுவார், அவ்வளவுதான். டிவி தன் சொந்த வாயால் பேசும். சாயங்காலம் தெருமுனையில் பஸ் நின்றதும் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்து, "இன்னாங்க, டிவி வரல, கொஞ்சம் பாருங்களேன்" என்பார். ஜெரால்டும் சட்டையைக் கூடக் கழற்றாமல் பார்ப்பார். ஒரு மணி நேரம் பார்ப்பார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் அந்த அம்மாள் இத்தனையும் செய்தார் என்று நினைக்கிறேன்.

இது இப்படியே ஓடியிருக்கும். நடுவில் ஷைனிக்குக் கல்யாணம் வந்தது.

ஷைனி, கிறிஸ்டினாவின் ஒரே தங்கை. மஸ்கட்டில் நர்ஸ். தாய் தகப்பன் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, நர்ஸிங் சேர்த்து, பெட்டி கட்டி விமானம் ஏற்றியவர் அக்காதான். மாப்பிள்ளையும் அங்கேயே வேலை, கல்யாணமும் அங்கேயே ஒரு சர்ச்சில். கிறிஸ்டினாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. "அக்கா, லைவ் லிங்க் அனுப்புறேன், நீ பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று தங்கை சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, நம் நேரம் பதினொன்றரை. நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். ஜெரால்டின் ஆலை நண்பர் கோபால், மாடி வீட்டு சுமலதா, நான், இன்னும் சிலர். கிறிஸ்டினா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"போன்லயே பாத்துடலாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"இம்மாம் பெரிய டிவிய வச்சிக்கினு போன்ல பாப்பாங்களா? குடு இங்க" என்று அவருடைய போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார் ஜெரால்ட். ஐந்தாவது ரிமோட் ஆயிற்று. "எல்லாரும் அவங்கவங்க போன்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க, லோடு தாங்காது. யாரும் எதையும் தொடாதீங்க!"

படம் வந்தது. சத்தியமாக வந்தது. சர்ச், பூ, வெள்ளைப் புடவையில் ஷைனி நடந்து வருகிறாள். கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் மட்டும் இல்லை.

"பரவால்லங்க, படம் போதும்."

"படம் போதுமா? அப்பொ இத்த இன்னாத்துக்கு வாங்கி வச்சிக்கிறேன்?" என்று மூன்றாம் நம்பரை அமுக்கினார். ஹோம் தியேட்டர் விழித்தது. கேபிள் பெட்டியும் விழித்தது. சர்ச் மறைந்து, திரை முழுக்க ஒரு தோசைக்கல் வந்தது. வீடே அதிர, 'ஒட்டாது, ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது!' என்று ஒருவர் கத்தினார்.

ஜெரால்ட் பெட்டியை அணைத்தார். டிவியும் அணைந்தது. மறுபடி எழுப்பினார், மறுபடி தோசைக்கல்.

"இன்னா மச்சான், அங்க தாலி கட்டப் போறாங்க, நீ இன்னும் ஸ்டார்ட் அப்லயே கீறியே?" என்றார் கோபால்.

"ரெண்டே நிமிஷம்டா. ரூட் காஸ் கிட்ட வந்துட்டேன்."

அப்போதுதான் கிறிஸ்டினா ஒரு காரியம் செய்தார். அவ்வளவு பேர் முன்னால் புருஷனைக் கைவிட மனசில்லாமல், சிரித்த முகத்தோடு ஒரு பொய் சொன்னார். "ஏங்க, மறந்துட்டீங்களா? நீங்கதான அன்னிக்கி சொன்னீங்க, அந்தக் கறுப்பு ஒயர கழட்டிட்டா டிவி தனியா ஓடும்னு?"

எல்லோரும் ஜெரால்டை மரியாதையாகப் பார்த்தோம். அவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தங்கத்தட்டில் வைத்து நீட்டுகிறார் அந்த அம்மாள், எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஆனால் செட்டிங்ஸ்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

"நானா? ஒயர கழட்டறதா? அது பைபாஸ்! சாவற வரைக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பெனில இத்த பண்ணா மெமோ தெரியுமா?"

கிறிஸ்டினாவின் சிரிப்பு போய்விட்டது. கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ரூட் காஸ் வாணாங்க. என் தங்கச்சி வேணும்" என்றபடி எழுந்தார். டிவிக்குப் பின்னால் கையை விட்டார். எட்டிப் பார்க்கவில்லை, தடவவில்லை. கை நேராகப் போய் அந்த ஒயரைப் பிடித்து இழுத்தது. ஜெரால்டின் கையிலிருந்த தன் போனை வாங்கி ஒரு தட்டு தட்டினார்.

சர்ச் வந்தது. சத்தமும் வந்தது, டிவியின் சொந்தச் சின்னக் குரலில். பாஸ்டர் ஜெபித்து முடித்துத் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ஷைனி தலையைக் குனியாமல் நேரே கேமராவைப் பார்த்து, "அக்கா, தெரியுதா?" என்றாள்.

"தெரியுது பாப்பா, நல்லா தெரியுது, குனி" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் கிறிஸ்டினா. அவள் காதில் விழுந்தது மாதிரி குனிந்தாள். நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எனக்கு இதெல்லாம் வழக்கமில்லை.

ஜெரால்ட் மட்டும் கொஞ்ச நேரம் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மெயின்டனன்ஸ்காரருக்குத் தெரியாதா, அது பழகின கை என்று? பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "எத்தினி நாளா?"

"பொங்கல்லருந்து."

மறுநாள் சுவரில் இருந்த பட்டியலில் ஜெரால்டின் கையெழுத்தில் கடைசியாக ஒரு வரி ஏறியிருந்தது: 'அவசியமானால் கறுப்பு ஒயரைக் கழற்றலாம்.' அதற்கு இப்போது பைபாஸ் என்று பெயர் இல்லையாம், மேனுவல் மோடாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் எத்தனை ரிமோட்? டிவி பழுதானதும் உங்களுக்குக் கோபம் வருகிறதா, இல்லை உள்ளுக்குள் லேசாக ஒரு உற்சாகம் வருகிறதா? நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது ஓடியதா என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா? ஒருநாள் சொல்லாமல் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே டிவி அருமையாக ஓடி, எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டால் பதறாதீர்கள். பெல்லை அடித்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும், கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளே உங்கள் மரியாதையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.