மெயின் சுவிட்சை இறக்கிய கல்யாணப் பெண்

“போன்லயே எல்லாம் கேக்கலாமே, இன்னும் எதுக்கு ரேடியோ?” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் மீன் கிடைக்கிறது என்பதற்காகத் தூண்டில் போடுகிறவனைப் பைத்தியம் என்பார்களா? (என் அம்மா சொல்வாள்.)

சிற்றலையில் எங்கோ கடல் தாண்டிய நிலையம் ஒரு நாள் கிடைக்கும், மறுநாள் இருக்காது. கேட்டதை எழுதி அனுப்பினால் அவர்கள் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். ஆனால் எந்த நிலையம் என்று தெரிய வேண்டுமே! பெயரை மணிக்கொரு தரம், உலக நேரப்படி மணி முழுதாகும்போதுதான் சொல்வார்கள்; நம் ஊர்க் கடிகாரத்தில் அது ஆறரை, ஏழரை என்று வரும்.

பல நாளாக ஒரு மெல்லிய குரல் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. அது நன்றாகக் கிடைத்த மாலையில்தானா மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு என்னைப் பெண் பார்க்க வர வேண்டும்?

பட்டுப்புடவை, மல்லிகை, மடியில் பேட்டரி ரேடியோ என்று உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். ஏரியல் கம்பி ஜன்னல் வழியாக முருங்கை மரத்துக்குப் போனது. ஏழரை நெருங்கும்போது ஒரே கொர்ர்ர். வீடு பளிச்சென்று தெரிய அம்மா வாங்கி மாட்டிய மலிவு எல்இடி பல்புகளின் வேலை! சிற்றலை கேட்கிற யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எழுந்து மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஆஹா, என்ன துல்லியம்! ‘நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது’ என்று அறிவிப்பாளன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

“இன்னாம்மா, கரண்ட் போய்ட்ச்சா? பொண்ண இருட்லயா பாக்கறது?” மாப்பிள்ளையின் அம்மா போன் வெளிச்சத்தோடு உள்ளேயே வந்துவிட்டார்.

“உஷ்ஷ்! வாய மூடுங்க!” என்றேன்.

மூடினார். அதற்குள் அவன் பெயரைச் சொல்லி முடித்துப் பாட்டுப் போட்டுவிட்டான்.

“போச்சு, சம்பந்தமே போச்சு” என்று அம்மா அழுதாள். நானும் அழுதேன், நிலையத்துக்காக.

மாப்பிள்ளையின் அம்மா ஷூ கம்பெனியில் தையல் சூப்பர்வைசர். கூடத்துக்குப் போய் மகனிடம், “அத்தினி மெஷின் சத்தத்துலயும் என் வாய ஒருத்தரும் மூட்னதில்லடா. இவதான் நம்ம வூட்டுக்கு கரெக்டு” என்றாராம். கல்யாணம் முடிந்தது.

இப்போதும் ஆம்பூரில் கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்ட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. இருட்டில் அத்தை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, “நான் பேசலமா, நீ பேர கேட்டுக்கோ” என்பார். என் பிள்ளைகள் உட்பட வீடே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அந்த நிலையத்தின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது!