சீலக்காவின் காரண நோட்டு

வடசென்னையில் செல்போனுக்கு விலங்கு மாட்டிய ஒரே மனுஷி சீலக்காதான். ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தாலும் இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். அப்படி விசாரிக்கிற நேரத்தில் நீங்களே நாற்பது முறை உங்கள் போனைப் பார்த்திருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பேப்பர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் வரும் பெட்டிகளின் கதவில் பெரிய ஆணி போல ஒன்று அடித்து, அதன்மேல் ஒரு நம்பர் பொறித்திருப்பார்கள். அதுதான் சீல். அதை வெட்டாமல் கதவைத் திறக்க முடியாது. வெட்டினால் மறுபடி ஒட்ட முடியாது. பெட்டியில் இருக்கிற நம்பரும் பேப்பரில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று கேட்டில் நின்று பார்ப்பதுதான் சீலக்காவின் வேலை. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

அக்காவின் ஞாபக சக்தியைப் பற்றி யார்டே பெருமையடித்துக்கொள்ளும். கதவருகே போய் நம்பரை ஒருமுறை பார்ப்பார். கையில் சீட்டு, பேனா எதுவும் இருக்காது. இருபது அடி நடந்து மேஜைக்கு வந்து ஆறு இலக்கத்தையும் ஒப்பிப்பார். போன பொங்கலுக்கு முன்னால் வந்த பெட்டியின் நம்பரைக் கேட்டாலும் சொல்வார். தன் கல்யாணத் தேதியைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். வந்தது வினை. அக்காவுக்கு ரீல்ஸ் பிடித்துவிட்டது. அதிலும் மீன் குழம்பு வைக்கிற ரீல்ஸ். எங்கோ கடலையே பார்க்காத ஊரில் ஒரு பெண் வஞ்சிரத்தைத் தோலுரித்துக்கொண்டிருப்பாள். இங்கே அக்கா அவளோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் பஸ் ஏறினால் டோல்கேட் வரைக்கும் பார்வை வெளியே இருக்கும். அதற்குப் பிறகு போன்தான். ராயபுரத்தில் இறங்க வேண்டியவர் வாரத்துக்கு மூன்று நாள் பிராட்வே வரைக்கும் போய்த் திரும்பினார். கடைசியில் கண்டக்டரே ராயபுரம் வந்ததும் அவர் தோளைத் தட்ட ஆரம்பித்தார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கதவருகே போய் நம்பரைப் பார்த்தார், திரும்பி நடந்தார், மேஜைக்கு வந்து வாயைத் திறந்தார். நம்பர் வரவில்லை. திரும்பப் போனார். பார்த்தார். வந்தார். நான்கு இலக்கம் வந்தது, மீதி வரவில்லை. மூன்றாவது முறையும் அதே கதை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

“மண்டைல கீற சீலை எவனோ ஒடச்சிட்டான் நைனா. சரக்கு காணோம்” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த ஞாபகம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை வரும்போது மண்ணடியில் வாங்கிய பிளாஸ்டிக் சீல் ஒரு கட்டு கொண்டுவந்தார். யார்டு சீலைத் தொட மாட்டார், அது கம்பெனிச் சொத்து. பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த பை ஒன்றும் இருந்தது. ஒன்பது மணிக்குப் போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, அதில் சீலைக் கோத்து இறுக்கினார். வெறும் கத்தரிக்கோலால் வெட்டிவிடக்கூடிய சீல். இதற்கு ஒரு பூட்டு போடலாமே என்று நான் கேட்டேன்.

“பூட்டு வேற, சீலு வேற நைனா. பூட்டு தொறக்க வுடாது. சீலு தொறந்தத காட்டிக் குடுக்கும். நமக்கு அதான் வோணும்.”

காட்டிக்கொடுப்பதற்காகவே ஒரு நீள நோட்டும் போட்டார். பெயர், சீல் நம்பர், உடைத்த நேரம், காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். வேலை முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். காரணம் சரியாக இருந்தால் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். தன் காரணத்துக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டில் ஏதாவது ஆபத்து என்றால் கூப்பிட மேனேஜர் மேஜையில் யார்டு போன் இருக்கிறது.

இரண்டே வாரத்தில் அக்காவின் நம்பர்கள் வீடு திரும்பின. மூளைக்குள் என்ன நடந்தது என்று டாக்டர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது, அக்கா மறுபடி இருபது அடி நடந்து வந்து ஆறு இலக்கத்தையும் கொட்டினார் என்பதுதான். லாரி டிரைவர்கள் கை தட்டினார்கள். மறுநாளே யார்டில் பாதிப் பேர் பை கேட்டு வந்து நின்றார்கள்.

கிரேன் ஓட்டும் துரைதான் முதலில் மாட்டினான். பத்து மணிக்கே சீலை உடைக்க வந்து, காரணம் என்ற கட்டத்தில் ‘மனசு கேக்கல’ என்று எழுதினான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“மனசு என்னிக்கிடா கேட்டுச்சி? அது காரணத்துல சேத்தி இல்ல. அடிச்சிட்டு வேற எயுது.”

துரை அடித்துவிட்டு ‘மணி பார்க்க’ என்று எழுதினான். அவன் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தை அக்கா பேனாவால் சுட்டிக் காட்டினார். பாவம், அன்று மதியம் வரைக்கும் அவன் காரணம் யோசித்தான். அதற்குள் போனை மறந்துவிட்டான்.

நான் ஒரு மாதம் அந்தப் பை பக்கமே போகவில்லை. எனக்கு என்ன கேடு, நான் எழுத்தாளன் அல்லவா! முகநூலில் நாலு வரி போடுவேன். யார் லைக் போட்டார்கள் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். முப்பது வந்தால் ஏன் நாற்பது வரவில்லை என்று துக்கம். நாற்பது வந்துவிட்டால் போன வாரம் எவனுக்கோ நூறு வந்ததே என்று துக்கம். சோறு ஆறிப்போகும். ஒரு புத்தகத்தை எடுத்தால் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் ஓடாது. படுத்தால் தூக்கம் வராது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என்ன குழம்பு வைத்தாலும் உங்களுக்கு ஒரே ருசிதான் என்று என் மனைவி சமைப்பதிலேயே அக்கறை விட்டுவிட்டாள்.

ஒருநாள் நானே போய்ப் பை கேட்டேன். முதல் நாள் பதினோரு சீல் உடைத்தேன். அக்கா சொல்ல வேண்டியதைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் நோட்டு வாசிப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவர் அக்கா. அதே குரலில், அதே நிறுத்தத்தோடு, என் காரணங்களை வாசித்தார்.

“வந்துதா பார்க்க. வந்துதா பார்க்க. வந்தது யார்னு பார்க்க. வந்தது ஏன் நின்னுதுன்னு பார்க்க. வந்துதா பார்க்க.”

துரைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நோட்டை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “இன்னா நைனா வரணும் ஒனக்கு?”

வாரக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. அடுத்த வாரம் சீலில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. பதினொன்று ஐந்தாயிற்று. ஐந்து இரண்டாயிற்று. ஒருநாள் ஒன்றுமே உடைக்காமல் வீட்டுக்குப் போய், நெத்திலிக் குழம்பில் மாங்காய் போட்டிருக்கிறதே என்றேன். மாங்காய் மூன்று வாரமாகவே போடுகிறேன் என்றாள் மனைவி.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சும்மா இருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வடசென்னைப் பேச்சைப் பற்றிப் பெருமையாக நாலு வரி போட்டுவைத்தேன். யார் யாரோ வந்து திட்டினார்கள். முகம் தெரியாதவர்கள், என் பரம்பரையையே தெரிந்ததுபோலத் திட்டினார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை, லீவும் சொல்லவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு திட்டாகப் படித்தேன். படித்ததையே மறுபடி படித்தேன். மனைவி வைத்த தட்டு அப்படியே இருந்தது. இனி எழுதுவதே இல்லை, யார் முகத்திலும் விழிப்பதில்லை என்று முடிவு கட்டினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே கிடந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன். திட்டுகிறவன் நேரடியாகவே கூப்பிடுகிறான் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“நைனா, சாப்ட்டியா?”

சாப்பிட்டேன்கா என்றேன்.

“இன்னா சாப்ட்ட?”

பொய் சொல்ல ஒரு பலகாரம்கூட ஞாபகம் வரவில்லை. அக்காவுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது. “எய்ந்து துன்னு. நாளிக்கி ஒயுங்கா வந்து சேரு. நீ இல்லாம பேஜாரா கீது” என்று சொல்லி வைத்துவிட்டார். என் நம்பரை நான் அவருக்குக் கொடுத்ததே இல்லை. என்றைக்கோ ஏதோ ஒரு படிவத்தில் பார்த்திருப்பார்.

எழுந்து சாப்பிட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன். போன் கட்டிலிலேயே கிடந்தது.

புதன்கிழமை பை வாங்கப் போனபோது நோட்டு திறந்தே இருந்தது. கடைசி வரியில் சீலக்கா என்ற பெயர் இருந்தது. அந்த நோட்டில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. நேரம், செவ்வாய் காலை பதினொன்று. யார்டு போன் என்ன ஆயிற்று என்று துரையிடம் கேட்டேன். மேனேஜர் அதில் அரை மணி நேரமாகத் துறைமுகத்தோடு பேசிக்கொண்டிருந்தாராம். அக்கா பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறார், திரும்பி வந்திருக்கிறார், கத்தரிக்கோலை எடுத்துவிட்டாராம்.

காரணம் என்ற கட்டத்தில், வாசகம் படிக்கிறவருக்கே உரிய உருண்டைக் கையெழுத்தில், எழுதியிருந்தார்: ‘மனசு கேக்கல.’

கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. அக்கா கேட் பக்கம் திரும்பி, வராத லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“செல்லாதுன்னா அடிச்சிடு நைனா” என்றார்.

நான் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கீழே தேதியும் போட்டேன்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. கிடையாது என்று அன்றிலிருந்து நான் யாரிடமும் சொன்னதில்லை.