இரண்டாம் பாகம் வீட்டுக்குள் வந்த கதை

"இரண்டாம் பாகம் இந்த வீட்டு வாசலை மிதிக்காது. மிதிச்சா நான் மனுஷனே இல்லை!"

பல்செட்காரர் இப்படிச் சபதம் போட்டபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பொய்ப்பல் செய்து தருபவர் அவர். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஊரார் கடிப்பதற்கான பல்லே இவருக்கு வேலை. சாயங்காலம் வீடு திரும்பினால் ஒரே பொழுதுபோக்கு, 'கருங்கோட்டை' என்ற வீடியோ கேம். வாளேந்திய வீரன் ஒருவன் பூதங்களையும் சூனியக்காரர்களையும் வென்று கோட்டையைப் பிடிக்கிற கதை. பழைய ஆட்டம்தான்; மூட்டை கனத்தால் வீரன் நின்றுவிடுவான், தூங்கி எழுந்தால்தான் தெம்பு பெறுவான். ஆனால் அவருக்கு அலுக்கவே இல்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "வலது பக்கம் பூதம் வருது, பாருங்க" என்று எச்சரிப்பாள். கன்ட்ரோலர் மட்டும் அவள் கைக்குப் போனதில்லை. "உனக்குப் பழக்கமில்லை" என்பார். கொடுத்தால்தானே பழக்கம் வரும்?

இப்போது அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்திருந்தது. சபதம் அதற்காகத்தான்.

"அதுல அப்படி என்னங்க குறை?"

"என்ன குறையா? முதல் பாகத்துல வரைபடமே கிடையாது. போறவன் வர்றவன்கிட்டல்லாம் வழி கேட்டுத்தான் போகணும். மூளை வேணும். இதுல அம்புக்குறி போட்டுக் காட்டுதாம். சீட்டி அடிச்சா குதிரை வந்து நிக்குதாம். போதாததுக்கு, ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமாம்!"

"ரெண்டு பேர் ஆடினா நல்லதுதானே?"

"அதுக்குப் பேர் போர் இல்ல, சுற்றுலா. முதல் பாகம்தான் பாகம். இது வெறும் பாகற்காய்!"

உண்மையான கோபம் வேறு. இரண்டாம் பாகத்தில் அந்தப் பழைய வீரன் முட்டி வலியோடு ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பல்செட்காரருக்கே முட்டி லேசாக வலித்தது.

மனைவி வாதாடாமல், மடித்த துணியை அலமாரியில் அடுக்கப் போனாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சில நாள் கழித்துத்தான் சந்தேகம் முளைத்தது. அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட, அது எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று தெருவே காத்திருக்கும். அப்படிப்பட்ட குரல் அன்று படுக்கையறைக்குள் போனோடு கிசுகிசுத்தது. பல்லோடு பிழைத்தவர் பல்லியானார், கதவோரம் ஒட்டிக்கொண்டார்.

"பழைய ஆளு நல்லவர்தான்க்கா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க போகச் சொன்னாலும் ஆடி அசைஞ்சு நடந்துதான் போவாரு. சாமான் ஒண்ணு கூடக் குடுத்தா 'கனக்குது'ன்னு அங்கேயே நின்னுடுவாரு. ஒரு சண்டை முடிஞ்சா போதும், போய்ப் படுத்து எழுந்தாத்தான் தெம்பே வரும்."

பல்செட்காரர் காதை இன்னும் அழுத்திக் கதவில் வைத்தார். முந்தின நாள்தான் காய்கறிப் பையை மாடிப்படியில் வைத்துவிட்டு, "கனக்குது" என்று நின்றிருந்தார். சண்டை போட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறவரும் அவர்தான்.

"புது ஆளு அப்படி இல்லக்கா. சீட்டி அடிச்சா வண்டியோட வந்து நிக்கும். சண்டைக்கு நடுவுலயே தேறிடும். கூட வர்றவங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கு... என்னது, பழசைத் தூக்கிப் போடறதா? சேச்சே, மனசு வரலக்கா. அது ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்."

கருங்கோட்டையைக் கரைத்துக் குடித்தவருக்கு இது எங்கேயோ கேட்ட விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. யார் அந்தப் புது ஆள்? மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் டிக்கெட் பரிசோதகரா? எதிர் வீட்டு மோட்டார் சைக்கிள்காரனா? அவன்தான் எப்போதும் சீட்டி அடிக்கிறான்!

மறுநாளிலிருந்து பல்செட்காரர் ஆளே மாறிவிட்டார். அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றினார்.

"கனக்குதாங்க?"

"இதுவா? பஞ்சு!" என்றார். பாதிப் படியில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவள் ஒரு சண்டை போட்டாள். வழக்கம்போலத் தோற்றார். வழக்கம்போலப் போர்வையை இழுத்தார். சட்டென்று நினைவு வந்து துள்ளி எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனார்.

"என்னங்க, படுக்கலையா?"

"நான் சண்டைக்கு நடுவுலயே தேறிடுவேன்!"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மறுபடி கிசுகிசுப்பு. "சனிக்கிழமை வருதுக்கா. அவர் வேலைக்குப் போனப்புறம்தான். பார்த்தா குதிப்பாரு. போகப் போகப் பழகிடும்."

சனிக்கிழமை. யாரோ ஒருவரின் கீழ்வரிசைப் பல்லை அரைகுறையாக விட்டுவிட்டு, தன் வீட்டெதிரே நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கினார் பல்செட்காரர். ஹெல்மெட் போட்ட ஒருவன் வண்டியில் வந்து இறங்கினான். மணி அடித்தான். அவள் கதவைத் திறந்து, கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்காத மாதிரிச் சிரித்தாள்.

"பிடிச்சுட்டேன்! யாருடா நீ?" என்று குறுக்கே பாய்ந்தார்.

ஹெல்மெட் மிரண்டுபோய் ஒரு பெட்டியை நீட்டியது. "கூரியர் சார்."

பெட்டியைப் பிடுங்கிக் கிழித்தார். உள்ளே கருங்கோட்டை, இரண்டாம் பாகம்.

"இதுவா? போன்ல இதைப் பத்தியா பேசினே? பழைய ஆளு, புது ஆளுன்னு?"

"வேற எதைப் பத்திங்க பேசுவேன்?" அவள் கண்ணை அகல விரித்தாள். "உங்களுக்குப் பிடிக்காதுன்னா திருப்பி அனுப்பிடறேன்."

"திருப்பியா? யாரு கேட்டா?" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. வந்த உயிர் கர்ணனாக வந்தது. "விளையாடு! தினமும் விளையாடு! கன்ட்ரோலர் இனிமே உன்னோடது!"

"சார், கையெழுத்து" என்றது ஹெல்மெட். அவரே போட்டார்.

சாயங்காலம் அவள் குதிரைமேல் போனாள். பெட்டியோடு வந்த இன்னொரு கன்ட்ரோலரைப் பிடித்து, பின்னால் மூட்டை சுமக்கும் துணையாளாக அவர் ஓடினார். சும்மா சொல்லக்கூடாது, ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் போன் அடித்தது. மனைவியின் அக்கா. அவள் கை ஓய்வாக இல்லாததால் அவரே எடுத்தார்.

"ஏன்க்கா, நீங்க ரெண்டு பேரும் இந்த கேமைப் பத்திப் பேசிப் பேசி என்னை ஒரு வழி பண்ணிட்டீங்களே!"

"எந்த கேம் தம்பி? அவ என்கிட்ட பேசியே ஒரு மாசம் ஆச்சு. என்ன கோபமோன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பல்செட்காரர் போனை மெல்ல இறக்கினார்.

"அப்போ... இத்தனை நாளா ரூமுக்குள்ள யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவுக்கு வெளியில ஒட்டிட்டு நின்னீங்களே, உங்ககிட்டதான்."