பெருமாளை முந்தக் கூடாது

நாள் பார்ப்பதில் கர்வம் உள்ளவனிடம் எந்தக் காரியத்துக்கும் நாள் குறிக்கச் சொல்லாதீர்கள். எல்லா நாளையும் பார்ப்பான்; கண்ணெதிரே இருப்பதை விட்டுவிடுவான்.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். எந்தத் தெருவில் எந்த வருஷத்து மழையில் எந்தச் சுவர் விழுந்தது என்று கேட்டால் கிழமையோடு சொல்வேன். (இதுவரை யாரும் கேட்டதில்லை.) எங்கள் சைக்கிள் குழு ஒரு நல்ல காரியத்துக்காக நெடும்பயணம் போவதென்று முடிவானபோது, நாள் குறிக்கும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன்.

காரியம் இதுதான். குழுவில் இருந்த ஸ்டெல்லா டீச்சரின் மாணவி ரூபி. ஏழாம் வகுப்பு. விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. அவளுக்கான செயற்கைக் கால் காஞ்சிபுரத்தில் தயாராகிவிட்டது. அதைப் பொருத்துபவர், நாங்கள் குறிக்கும் நாளில் செய்யாறு பக்கத்தில் இருக்கும் அவள் ஊருக்கு வேனில் வருவார். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். மறுபடி வர மூன்று மாதமாகும். நாங்கள் வழியெல்லாம் உண்டியல் ஏந்தி, இன்னொரு பிள்ளைக்கும் கால் வாங்க நிதி சேர்த்துக்கொண்டே அங்கே போய்ச் சேர வேண்டும்.

செயற்கைக் காலை அவர் வேனிலேயே கொடுத்தனுப்பிவிடலாம் என்றார் டீச்சர். நான் சம்மதிக்கவில்லை. அது சைக்கிளில் போனால்தான் வரலாறு என்றேன். வரலாற்றை என் கேரியரிலேயே கட்டிக்கொண்டேன்.

பள்ளித் தேர்வு, முகூர்த்தம், சந்தை எல்லாம் விலக்கித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். திரும்பும்போது வெளிச்சம் இருக்கட்டும் என்று பௌர்ணமியாகவும் பார்த்தேன். மாசி மாதத்துப் பௌர்ணமி.

விடியலில் கிளம்பி, உண்டியலுக்காகச் சுற்றுவழியில் திருப்புட்குழி, வாலாஜா, ஆற்காட்டில் பாலாறு என்று எல்லாம் சரியாகவே நடந்தது. ரூபியின் ஊருக்கு முந்தைய ஏரிக்கரைச் சாலையில் ஏறியபோதுதான் நாகஸ்வரம் கேட்டது.

மாசி மகம். எங்கள் வீட்டில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்த நாள். தீர்த்தவாரி முடிந்து பெருமாள் கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் பிரபந்த கோஷ்டி, நடுவில் பெருமாள், பின்னால் வேத கோஷ்டி, அதற்கும் பின்னால் ஹெல்மெட் கோஷ்டியாக நாங்கள். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். பெருமாளுக்கோ அவசரமில்லை. பத்தடிக்கு ஒரு மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் கற்பூரம், தேங்காய், சுண்டல்.

"சார், ஓரமா போயிடலாமா?" என்றார் டீச்சர்.

"பெருமாளை முந்தப்படாது டீச்சர்."

என் மனைவியின் தம்பி ஸ்ரீதரும் கூட வந்திருந்தான். சுண்டலை மென்றுகொண்டே, "நாள் பாத்தது யாரு அத்திம்பேர்?" என்றான்.

நான்கு மணி நெருங்கியது. கால் பொருத்துபவருக்குப் போன் செய்தேன். அடுத்த ஊரிலும் ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள், தன்னால் நிற்க முடியாது என்று தன்மையாகவே சொன்னார். டீச்சர் என் கேரியரையே பார்த்துக்கொண்டு நடந்தார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு யோசனை வந்தது. சாலையில் முந்தினால்தானே பாவம்? வயலில் இறங்கிப் போனால் முந்தியதாகுமா? (படித்தவன் பாவத்துக்கு எப்போதும் ஒரு உரை வைத்திருப்பான்.) சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கினேன். இரண்டாவது அடியில் வழுக்கியது. கீழே, நாற்று நடுவதற்காகச் சேறடித்த வயல்.

நான் எழுந்து கண்ணைத் துடைப்பதற்குள் மேலே ஒரு பெண் அலறிவிட்டாள். "ஐயோ, இன்னொரு ஆளு உள்ள கீறாருபா!"

திரும்பிப் பார்த்தேன். சற்றுத் தள்ளி, சேற்றுக்கு மேலே கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு கால் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

மூன்று பேர் குதித்தார்கள். ஒருவர் அந்தக் காலைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். அது சுலபமாகக் கையோடு வந்ததும், மனிதர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நாகஸ்வரம் நின்றது. வேதம் நின்றது. பெருமாளும் நின்றார்.

டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னார். முன்வரிசையில் பெருமாளைச் சுமந்து நின்றவர் எட்டிப் பார்த்து, "நம்ம ரூபிக்கா?" என்று கேட்டார். பிறகு அர்ச்சகரைப் பார்த்தார். அர்ச்சகர் என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"பெருமாள் செத்த நேரம் இளைப்பாறட்டும். நீங்க கடந்து போங்கோ."

கரையோரப் புளியமரத்தடிக்குப் பெருமாள் ஒதுங்கினார். சேறு சொட்டச் சொட்ட அவரைக் கடந்து போனேன். கும்பிட வேண்டும் என்பது ரூபியின் ஊர் எல்லையில்தான் நினைவுக்கு வந்தது.

வேன் நகரத் தொடங்கியிருந்தது. ஸ்ரீதர் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினான். அடிபம்பில் கழுவிக் கொடுத்ததை வாங்கிய கால் பொருத்துபவர், "காலுன்னா சேறு படும்தான். மாட்டறதுக்கு முன்னாடியே பட்டு இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பொருத்தினார்.

ரூபி டீச்சரின் தோளைப் பிடித்து நின்றாள். ஓரடி வைத்தாள். இன்னோரடி. தோளிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம்தான் என்னைக் கவனித்தாள்.

"டீச்சர், சாருக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்குது? ஏன் விழுந்தாரு?"

ஸ்ரீதர் அன்றிரவே வீட்டில் எனக்குச் 'சேற்றாழ்வார்' என்று திருநாமம் சாத்திவிட்டான். மாசி பிறந்தால் என் மனைவி காப்பியோடு, "இந்த மாசம் பௌர்ணமி என்னிக்கு, ஞாபகமிருக்கா?" என்கிறாள்.

ரூபி இப்போது ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் சைக்கிள்தான். சில மாலைகளில் எனக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டே வருவாள்; முந்த மாட்டாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து கேட்பாள்:

"கடந்து போலாமா சார், இல்ல மண்டகப்படி பாக்கி இருக்குதா?"