சுபம் நானூற்றுப் பதினேழு

இணையதளங்களில் பேய் ஓட்டும் சர்வர் சித்தர் வருகிறார் என்றதும் வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளின் இணைய மன்றம் அல்லோலகல்லோலப்பட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழைந்து கைகூப்பும் படம் போட்டார்கள். எந்த மோட்டாரையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள். அன்றைக்கு மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஒரு மாதமாக யாரோ மன்றத்தில் கண்ட இடத்தில் ‘ஹூம் ஹூம்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் பற்றிய கேள்விக்குக் கீழே ஹூம். வடிகுழாய் பற்றிய பதிலுக்கு மேலே ஹூம். ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில். மன்றத்தை ஒழுங்குபடுத்தி வந்தவளும் மெக்கானிக்தான். கடையில் ஒரு கையால் டிரம்மைத் துடைத்தபடி, மறு கையால் ஹூமை அழித்து அழித்து ஓய்ந்துபோனாள். மன்றத்தைத் தொடங்கிய அவளுடைய அண்ணன்தான் சித்தரைத் தேடிப் பிடித்தார்.

சித்தர் வீடியோவில் கண்ணை மூடினார். சுருங்கிப்போன சட்டை ஒன்றின் ஆவி இங்கே குடியேறிவிட்டது என்றார். சட்டைக்கு ஆவி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பருத்தியா, பாலியெஸ்டரா என்றுதான் கேட்டார்கள்.

பரிகாரம் சொன்னார். மன்றத்திலுள்ள தலைப்புகளையெல்லாம் ‘சுபம் ஒன்று’ முதல் ‘சுபம் தொள்ளாயிரம்’ வரை மாற்ற வேண்டும். தாயத்துப் போல ‘ரட்சை’ என்றொரு கணினிக் கோப்பு; அதை ஆளுக்கொன்று காணிக்கை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியவர் பக்கத்தில் ஹூம் நின்றது. வாங்காதவர் பக்கத்தில் இரண்டு ஹூம் கூடுதலாக விழுந்தது. பக்தி பெருகக் கேட்கவா வேண்டும்!

அடுத்த வாரம் ஒரு மெக்கானிக், தொட்டால் ஷாக் அடிக்கும் மெஷினுக்கு மன்றத்தில் வழி தேடினார். முன்பெல்லாம் தலைப்பைப் பார்த்தாலே கிடைத்துவிடும். இப்போது எங்கும் சுபம். மெஷின் வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்த, கையை உள்ளே விட்டார்; ஷாக் அடித்துச் சுவரில் போய் விழுந்தார்.

மன்றத்தை ஒழுங்குபடுத்துபவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒடிந்த கையில் கட்டோடு இருந்தவர், “நானூத்திப் பதினேழாவது சுபம் வரைக்கும் பாத்தேன்க்கா. அதுக்கு மேல அந்த வீட்டுக்காரங்க விடல” என்றார்.

அவள் சித்தரிடமே கேட்டுவிடக் கிளம்பினாள். சித்தரைக் கேள்வி கேட்டால் ஆவி கோபிக்கும் என்று அண்ணன் தடுத்தார். அவள் கேட்கவில்லை, சோதித்தாள். மன்றத்தில் புதிதாக ஒரு பகுதியைத் திறந்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. கடவுச்சொல்லைச் சித்தருக்கு மட்டும் அனுப்பி, இதற்கு ரட்சை வாங்கப் போவதில்லை என்று எழுதினாள்.

மறுநாள் காலையில் உள்ளே மூன்று ஹூம்.

எல்லாரும் பார்க்க, வீடியோவில் சித்தரிடம் அதைக் காட்டினாள். “பூட்டின எடத்துக்குள்ள ஆவி எப்படி சாமி வந்துச்சு?”

“ஆவிக்குப் பூட்டு ஏது தாயே?”

“அப்புறம் எதுக்குக் கடவுச்சொல்லை டைப் பண்ணிட்டு வந்துச்சு? பதிவுல இருக்கு. மொத தடவை எழுத்துப்பிழை வேற.”

சித்தர் படம் அப்படியே உறைந்தது. பிறகு ஆளையே காணோம். ஹூமும் போன இடம் தெரியவில்லை.

அண்ணன் உட்கார்ந்து, தொள்ளாயிரம் சுபத்தையும் பழைய தலைப்புகளுக்கு மாற்றத் தொடங்கினார். அதற்குள் மன்றத்தில் ஒருவர், இவர் போலி, அசல் சித்தர் யாராவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

அவள் ‘யோசிப்பது எப்படி?’ என்று புதிய தலைப்பைத் தொடங்கி, எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தினாள். இதுவரை அதைத் திறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன், மற்றவர் கை ஒடிந்தவர். நீங்களும் திறக்கலாம். யோசிப்பதற்கு நல்ல நேரம், கெட்ட நேரம் கிடையாது.